வீட்டுத் தோட்டத்தில் என்ன கோளாறு? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

சென்னைக்குத் தெற்கே, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பாக வரும் ஒரு தெருவில் இருக்கிறோம். மாடியில் அறுபது செடிப் பை, கீழே ஒரு தென்னை, ஒரு முருங்கை, ஒரு எலுமிச்சை, நாலு குண்டுமல்லி. தெருவில் யார் வீட்டுச் செடி வாடினாலும் போட்டோ எனக்கு வந்துவிடும். வருடா வருடம் அதே மாதத்தில் அதே கோளாறு, பதிலும் அதேதான், அதனால் ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். ஒரு வருடம் ஐப்பசி மழையில் என் கத்தரிச் செடிகள் மஞ்சளானபோது, கடையில் இலையைக் காட்டி, அவர் கொடுத்த மூன்று பாட்டிலையும் வாங்கி வந்து அடித்தேன். பையின் அடித்துளை அடைத்திருந்ததுதான் காரணம் என்பது செடியைப் பிடுங்கிக் கொட்டியபோதுதான் தெரிந்தது. எட்டுச் செடி போனது.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இந்த நாலையும் பாருங்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பையைச் சாய்த்துத் துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இது எந்த மாதம் என்று யோசியுங்கள், ஏனென்றால் சித்திரையில் வாடும் செடியும் கார்த்திகையில் வாடும் செடியும் போட்டோவில் ஒரே மாதிரிதான் இருக்கும், வைத்தியம் நேர் எதிர்.

செடி வாடித் தொங்குகிறது

*மதியம் மட்டும் வாடுகிறது, சாயங்காலம் நிமிர்ந்துவிடுகிறது*

பங்குனி முதல் ஆனி வரை இது சகஜம். குறிப்பாக மே 4 முதல் 28 வரைக்கும் உள்ள கத்திரி வெயிலில் பூசணி, பரங்கி மாதிரி அகல இலைக் கொடிகள் தினமும் இப்படித்தான் இருக்கும். மதியம் பார்த்துப் பதறி அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், குழாயில் வருகிற முதல் தண்ணீரே சுடும். காலை ஏழு மணிக்குள் ஒரு முறை, மாலை ஆறுக்கு மேல் ஒரு முறை. 12 அங்குலப் பைக்கு நான் வேளைக்கு ஒரு லிட்டர் ஊற்றுகிறேன். மண்ணின் மேல் காய்ந்த இலை, தேங்காய் மட்டை, வைக்கோல் என்று எது கிடைத்தாலும் மூன்று விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள், செலவே இல்லாமல் பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். அதன் பிறகும் துவண்டால்தான் 50 சதவீத நிழல்வலை. வலையைச் செடி மேல் படுகிற மாதிரி போர்த்தக் கூடாது, தலைக்கு மேல் ஆறேழு அடி உயரத்தில், காற்று போய்வர இடம் விட்டுக் கட்ட வேண்டும்.

*காலையிலேயே வாடியிருக்கிறது, மண் உலர்ந்திருக்கிறது*

தினமும் ஊற்றுகிறேனே என்பார்கள். ஊற்றும்போது அடியில் உடனே ஓடி வருகிறதா என்று கவனியுங்கள். தேங்காய் நார்த்தூள் கலந்த மண் ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால் பையின் சுவரை விட்டு விலகிக்கொள்ளும், ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளி வழியாக இறங்கித் தரைக்குப் போய்விடும், வேர்ப்பந்து நனையவே நனையாது. பையை அப்படியே ஒரு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் வைத்து அரை மணி நேரம் உட்கார வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து, ஓரத்து இடைவெளியை விரலால் மண் தள்ளி மூடிவிடுங்கள்.

*காலையிலேயே வாடியிருக்கிறது, மண் ஈரமாகத்தான் இருக்கிறது*

இங்கேதான் எல்லோரும் இன்னும் ஒரு குவளை தண்ணீரை ஊற்றிச் செடியைக் கொன்றுவிடுகிறார்கள். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். மண்ணை ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். சாக்கடை வாடை அடித்தால் வேர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. அடித்துளையில் ஒரு கம்பியை விட்டுக் கிளறுங்கள். அப்படியும் வடியவில்லை என்றால், பையின் பக்கவாட்டில் அடியிலிருந்து ஒரு அங்குல உயரத்தில் நாலு துளை போடுங்கள். பையை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். இரண்டு மூன்று நாள் மழை படாமல் நிறுத்தி வைத்தால் பாதிச் செடிகள் தேறிவிடும்.

வடிகால் நன்றாக இருந்தும் தக்காளியோ கத்தரியோ இலை பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் தொங்கிப்போனால், ஒரு கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். செடியின் அடித்தண்டை நறுக்கி, வெட்டிய முனை தண்ணீருக்குள் ஒரு அங்குலம் முங்குகிற மாதிரி பிடித்துக்கொண்டு, டம்ளருக்குப் பின்னால் கறுப்பாக எதையாவது வைத்து அசையாமல் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் வெட்டுவாயிலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி வெள்ளையாக ஒரு இழை கீழ்நோக்கி இறங்கினால் அது பாக்டீரியா வாடல். மருந்து கிடையாது. செடியை வேரோடு எடுத்துக் குப்பைக்கு அனுப்புங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அந்தப் பையில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை நான்கையும் திரும்ப வைக்காதீர்கள், கீரை போட்டுக்கொள்ளலாம். கத்தியை டெட்டால் போட்டுத் துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள்.

புகை வரவில்லையா, அப்படியானால் வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சாக, மணி கோத்த மாதிரி இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. (அவரை, தட்டைப்பயறு வேரிலும் முடிச்சு இருக்கும், அது நல்லது. அந்த முடிச்சு நகத்தால் தட்டினால் தனியாக உதிரும், நூற்புழு முடிச்சு உதிராது, வேரே வீங்கியிருக்கும்.) அந்த மண்ணைச் சித்திரையில் மாடித் தரையில் நாலு அங்குல கனத்துக்குப் பரப்பி, ஈரமாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரத்தில் கல் வைத்து ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வெயிலில் விட்டுவிடுங்கள். அப்புறம் பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். துலுக்கச் சாமந்தி ஒரு போகம் வைத்தாலும் நூற்புழு குறையும்.

*நுனிக் கொழுந்து மட்டும் தொங்குகிறது, மற்ற இலையெல்லாம் நன்றாக இருக்கிறது*

கத்தரியில் இது தண்டுத் துளைப்பான். தொங்கும் நுனிக்குக் கீழே இரண்டு அங்குலத்தில் நறுக்கிப் பிளந்து பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாகப் புழு இருக்கும். அந்த நுனிகளை வாரம் இரண்டு முறை நறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவந்தாலே போதும். விட்டுவிட்டால் அடுத்தது காய்க்குள்தான் போகும்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை முதலில் மஞ்சளானது என்பதுதான் கேள்வி.

*கீழே உள்ள கிழட்டு இலைகள் முதலில்.* ஒன்றிரண்டு இலை என்றால் விட்டுவிடுங்கள், வயதானது உதிர்கிறது. கீழிருந்து மேலாக ஏறிக்கொண்டே வந்தால் தழைச்சத்துப் போதவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பை மண்ணிலிருந்து சத்தெல்லாம் கழுவிக்கொண்டு போவதால் மழை விட்டதும் இது வரும். கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊற வைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, வாரம் ஒரு முறை செடிக்கு அரை லிட்டர் ஊற்றுங்கள். இரண்டு வாரத்தில் புதுத் தளிர் கரும்பச்சையாக வரும், பழைய மஞ்சள் இலை பச்சையாகாது, அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கீழ் இலையில் நரம்பு பச்சையாகவும் நடுவில் மட்டும் மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம் குறை, லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பு கரைத்துத் தெளியுங்கள்.

*மேலே கொழுந்து இலை வெளிறுகிறது, நரம்பு மட்டும் பச்சை.* இரும்புச் சத்துக் குறை. எலுமிச்சை, செம்பருத்தி, மல்லிகை மூன்றிலும் எங்கள் தெருவில் வீடு தவறாமல் உண்டு, ஏனென்றால் மண்ணில் இரும்பு இருந்தாலும் ஆழ்துளைத் தண்ணீரின் காரத்தன்மை அதை வேர் எடுக்க விடாது. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கிடைக்கும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதில் அரை மூடி எலுமிச்சம் சாறு பிழிந்து, வடிகட்டி, மாலையில் இலை மேல் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. துணியிலோ தரை ஓட்டிலோ பட்டால் துருக்கறை போகவே போகாது, அதனால் பையை நகர்த்தி வைத்துவிட்டு அடியுங்கள்.

*வெண்டையில் நரம்பே மஞ்சளாகிறது, வலை மாதிரி.* இதுவும் இரும்புக் குறையும் நேர் எதிரானவை, அங்கே நரம்பு பச்சை, இங்கே நரம்பு மஞ்சள். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய், கோடையில் அதிகம். காயும் வெளிறி நாராக வரும். இன்னும் ரெண்டு காய் காய்க்குமே என்று வைத்துக்கொள்ளாமல் பிடுங்கிவிடுங்கள். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குக் கட்டி வைத்தால் வெள்ளை ஈ ஒட்டிக்கொள்ளும்.

இலை ஓரம் தீய்ந்தது போல் கருகுகிறது

கோடையில் வெயில் என்று எல்லோரும் சொல்வார்கள். வெயிலாக இருந்தால் சூரியன் படும் பக்கத்து இலைகள்தான் திட்டுத்திட்டாக வெளுத்துக் கருகும். எல்லாப் பக்கத்து இலையும் நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் ஒரே சீராகக் கருகினால் உப்பு. பையின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளையாகப் பொருக்குப் படிந்திருக்கும், தொட்டு நாக்கில் வைத்தாலே தெரியும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை (டி.டி.எஸ்.) அளக்கும் பேனா மாதிரியான கருவி மலிவாகவே கிடைக்கிறது, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 1,000க்கு மேல் காட்டினால் பீன்ஸ் முதலில் அடிவாங்கும், அடுத்து மிளகாய். கீரைகளில் பாலக் தாங்கும்.

செய்ய வேண்டியது, மேலே படிந்த பொருக்கை ஒரு விரல் ஆழத்துக்கு வழித்து எறிந்துவிட்டு, நல்ல தண்ணீரைப் பையின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு, நின்று நின்று ஊற்றி அடியில் வடிய விடுவது. அதன் பின் இரண்டு வாரம் எந்த உரமும் வேண்டாம், உரமும் உப்புதான். மழைநீர்த் தொட்டி இருந்தால் கோடையில் வாரம் ஒரு நாளாவது அதிலிருந்து கொடுங்கள். அரிசி களைந்த தண்ணீர் தாராளமாகக் கொடுக்கலாம். குடிநீர் வடிகட்டியிலிருந்து கழிவாக வெளியேறும் தண்ணீரைச் செடிக்குப் பிடித்து ஊற்றுகிற வீடுகளில்தான் இந்தக் கருகலை அதிகம் பார்த்திருக்கிறேன். கிணற்றுத் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது, தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

மிளகாய் இலை சுருண்டுகொள்கிறது

எனக்கு வரும் போட்டோக்களில் மூன்றில் ஒன்று இதுதான். எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதைச் சொல்லாமல் "சுருட்டை" என்று மட்டும் கடையில் சொன்னால் தப்பான மருந்துதான் வரும்.

*மேல்நோக்கிச் சுருள்கிறது, படகு மாதிரி.* இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளைக் கொழுந்துக்கு அடியில் பிடித்து, கொழுந்தை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசியைக் கண்ணை எடுக்காமல் அரை நிமிடம் பாருங்கள். அறுந்த நூல் துணுக்கு மாதிரி, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், வெளிர் மஞ்சளாக, தூசிகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் நடக்க ஆரம்பிக்கும். அதுதான். நல்ல வெயில் காலத்தில் பெருகும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி இலை அடியைக் கழுவுங்கள், மூன்று நாள் தொடர்ந்து. அப்புறம் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், அது தண்ணீரில் கலக்கக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், மாலையில், இலையின் அடியில் படும்படி, வாரம் ஒரு முறை. வெயிலில் எண்ணெய் அடித்தால் இலை வெந்துவிடும்.

*கீழ்நோக்கிச் சுருள்கிறது, கவிழ்த்த ஓடம் மாதிரி, இலைக் காம்பு நீண்டு எலிவால் போல் இருக்கிறது.* மஞ்சள் சிலந்தி. கண்ணுக்குத் தெரியாது, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும். இதற்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் இலை கருகும். கோடை உச்சியிலும் கந்தகம் வேண்டாம்.

*இலை சிறுத்து, மஞ்சளோடி, கொத்தாக மொட்டை அடித்த மாதிரி நிற்கிறது.* வைரஸ். பிடுங்குங்கள். இதில் இரக்கம் பார்த்தால் பக்கத்துப் பைக்கும் பரவும்.

பூக்கிறது, காய்க்கவில்லை

*தக்காளி, மிளகாய் பூ காம்போடு உதிர்கிறது.* சித்திரை, வைகாசியா? பகலில் 35 டிகிரிக்கு மேல் போய், இரவிலும் வெக்கை இறங்கவில்லை என்றால் தக்காளியில் மகரந்தம் வேலை செய்யாது. நிழல்வலை கொஞ்சம் உதவும், உரம் உதவாது. செடி திடமாக இருந்தால் கவாத்து செய்து (கிளைகளை வெட்டி) விடுங்கள், ஆடியில் காற்று மாறியதும் பூ உதிராமல் நிற்கும். தை, மாசியிலும் பூ உதிர்ந்தால் தண்ணீர் ஒரு நாள் அதிகம் ஒரு நாள் குறைவு என்று போகிறதா, தழைச்சத்து உரம் கூடிப்போய் இலையாகவே வளர்கிறதா என்று பாருங்கள்.

*கொடியில் பூவாகப் பூக்கிறது, பிஞ்சே இல்லை.* முதல் பத்துப் பதினைந்து நாள் ஆண் பூதான் வரும், பொறுங்கள். பெண் பூவின் பின்னால் குட்டிக் காய் இருக்கும். அது வந்தும் மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. மாடிக்குத் தேனீ ஏறி வராத வீடுகளில் நாம்தான் செய்ய வேண்டும். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். நேரம் முக்கியம். பூசணி, பரங்கி விடியற்காலையில் விரிந்து ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடிவிடும். பாகலும் காலைதான். பீர்க்கங்காய் மாலையில் பூக்கும், சுரைக்காயும் புடலையும் பொழுது சாய்ந்த பிறகு. எங்கள் தெருவில் ஒரு அக்கா ஒரு மாதம் காலையில் எழுந்து பீர்க்கம் பூவுக்குத் தடவிக்கொண்டிருந்தார், மாலை ஐந்தரைக்கு மாற்றிய வாரத்திலேயே நாலு காய் பிடித்தது.

*பிஞ்சு பிடித்து, வளைந்து, அழுகி விழுகிறது.* பிஞ்சில் ஊசி குத்திய புள்ளியும் பிசினும் இருந்தால் பழ ஈ. விழுந்த பிஞ்சைத் தொட்டியிலேயே விடாதீர்கள், உள்ளே இருக்கும் புழு மண்ணுக்குள் போய்க் கூடுகட்டி அடுத்த ஈயாக வரும். பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் இரண்டு நாள் போட்டுவிட்டுக் குப்பையில் சேருங்கள். ஆண் ஈயை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வாங்கும்போது பாகல், பீர்க்கன் வகைக்கு கியூ லூர் என்ற கவர்ச்சி மருந்து, மாமரத்துக்கு வேறு, கேட்டு வாங்குங்கள்.

*தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்துத் தோல் மாதிரி குழிகிறது.* நோய் இல்லை. சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை, பெரும்பாலும் தண்ணீர் ஒழுங்கில்லாததால். மூடாக்குப் போட்டுத் தினமும் ஒரே அளவு ஊற்றினால் அடுத்த கொத்து நன்றாக வரும். முட்டை ஓடு போடலாம்தான், ஆனால் அது மண்ணோடு கரையப் பல மாதம் ஆகும், இந்தப் போகத்துக்கு உதவாது.

*குண்டுமல்லி இலையாக நிற்கிறது.* கார்த்திகையில் வெட்டினீர்களா? நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமாகக் கவாத்து செய்து, இலையெல்லாம் உருவி, தொழுவுரம் வைத்துவிட வேண்டும். மாசி, பங்குனியில் புதுக்கிளை நுனியில் மொட்டு வரும். பழைய கிளையில் வராது. வெட்ட மனசு வராமல் விட்ட செடிதான் மூன்று வருடமாகப் பூக்காமல் நிற்கும். ஆறு மணி நேர வெயில் இல்லாத இடம் என்றால் வெட்டியும் பயனில்லை, இடத்தை மாற்றுங்கள். மொட்டு ஊதா நிறமாகி உதிர்ந்தால் மொட்டில் புழுவோ மொட்டு ஈயோ இருக்கிறது, உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு வேப்பெண்ணெய் தெளியுங்கள்.

வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது

*பஞ்சு மாதிரி, கணுவிலும் கொழுந்திலும்.* மாவுப்பூச்சி. செம்பருத்தி, பப்பாளியில் பங்குனி முதல் வரும். எறும்பு ஏறுகிறதா பாருங்கள், எறும்புதான் அதைச் சுமந்து பரப்புகிறது. பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுங்கள், மிகவும் மண்டிய கிளையை வெட்டுங்கள், தண்டைச் சுற்றி ஒரு பட்டை கிரீஸ் தடவிய துணி கட்டி எறும்பை நிறுத்துங்கள். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவைப் பக்கம் தென்பட்டு மாநிலம் முழுக்கப் பரவியபோது அதை அடக்கியது பூச்சிக்கொல்லி இல்லை, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவி. கடும் மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். அதனால் மாவுப்பூச்சிக்கு நான் சோப்பையும் வேப்பெண்ணெயையும் தாண்டிப் போவதில்லை.

*சாம்பல் தூவின மாதிரி, இலையின் மேல்பக்கம்.* மார்கழி, தை பனியில் வெண்டையிலும் கொடிகளிலும் வரும் சாம்பல் நோய். அடர்ந்த இலைகளைக் கழித்துக் காற்று விடுங்கள், சாயங்காலம் இலை மேல் தண்ணீர் அடிப்பதை நிறுத்துங்கள், புளித்த மோர் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் இரண்டு முறை தெளியுங்கள். கொடி வகைக்குக் கந்தகம் அடிக்காதீர்கள், இலை கருகிவிடும்.

*தென்னை ஓலைக்கு அடியில் சுருள் சுருளாக, கீழே உள்ள செடியெல்லாம் கரிப்படலம்.* சுருள் வெள்ளை ஈ, 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டது, இப்போது எங்கும் இருக்கிறது. மரம் இதனால் சாகாது. எட்டுகிற உயரம் என்றால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். இதற்கும் இயற்கை எதிரிக் குளவி உண்டு, மருந்து வேண்டாம்.

மழைக்காலக் கோளாறுகள்

*நாற்று கழுத்தோடு மடிந்து சாய்கிறது.* நாற்றழுகல். நெருக்கமாக விதைத்து, தண்ணீரும் நின்றால் வரும். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது, மீதியைக் கலைத்து இடைவெளி விட்டு, கூரைக்கு அடியில் நகர்த்துங்கள். அடுத்த முறை விதையைச் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியில் (கிலோ விதைக்கு 10 கிராம் கணக்கு, வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை) புரட்டி விதையுங்கள். ஆடியில் விதைத்த செடிகள் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துத் திடமாகிவிடும், புரட்டாசி கடைசியில் அவசரமாகப் போட்ட நாற்றுத்தான் அடைமழையில் மாட்டிக்கொள்ளும்.

*ராத்திரியில் இலை காணாமல் போகிறது, பளபளவென்று கோடு.* நத்தை. ஒன்பது மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். ஈரச் சாக்கை விரித்து அதன் மேல் பப்பாளி இலை, முட்டைக்கோஸ் மேல்தோல் போட்டு வைத்தால் அங்கே கூடும், விடியற்காலையில் எடுத்து உப்புத் தண்ணீரில் போடுங்கள். பெரிய ஆப்பிரிக்க நத்தையை வெறும் கையால் தொடாதீர்கள், மனித மூளையைப் பாதிக்கும் புழுவை அது சுமக்கக்கூடும். கையுறை கட்டாயம், குழந்தைகளை விடாதீர்கள், நத்தை ஊர்ந்த கீரையை உப்புத் தண்ணீரில் நன்றாக அலசி வேகவைத்தே சாப்பிடுங்கள்.

*முருங்கையில் கம்பளிப்பூச்சி.* பகலில் அடிமரத்தில் கும்பலாக அப்பிக்கிடக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, காற்று உங்கள் பக்கம் வராத திசையில் நின்று, கெட்டியான சோப்புக் கரைசலைப் பம்பால் அடித்தால் உதிரும். விளக்குமாறால் கூட்டி மண்ணில் புதையுங்கள். பந்தம் கொளுத்திச் சுடுவது பழைய பழக்கம், பட்டை வெந்து மரம் கெடுகிறது, பூச்சியின் ரோமமும் காற்றில் பறக்கிறது. உடம்பில் பட்டால் செலோ டேப்பை ஒட்டி உரித்து ரோமத்தை எடுத்துவிட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தென்னையில்

*விரிந்த ஓலையில் கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி முக்கோண வெட்டு.* காண்டாமிருக வண்டு. உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ எருக்குழி இருக்கிறதா பாருங்கள், அங்கேதான் வளர்கிறது, கிளறி வெள்ளைப் புழுக்களை எடுத்துவிடுங்கள். குருத்தைச் சுற்றியுள்ள மூன்று மட்டை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து 150 கிராம் வையுங்கள். மரம் ஏறுகிறவர் வரும்போதே கம்பியால் வண்டை எடுக்கச் சொல்லுங்கள்.

*அடிமரத்தில் ஓட்டை, பழுப்பாகச் சாறு வடிகிறது, மென்று துப்பின நார்.* சிவப்புக் கூன்வண்டு. இங்கே நீங்களாக எதுவும் செய்யாதீர்கள், அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ, அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ சொல்லுங்கள், அல்லது கிசான் கால் சென்டர் 1800-180-1551, தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. குருத்து சாய்ந்த பிறகு கூப்பிட்டால் மரத்தை வெட்டத்தான் ஆள் வர வேண்டியிருக்கும். பொதுவாக எந்தச் செடியிலும் இரண்டு வாரம் முயன்றும் பரவிக்கொண்டே போனால் இதே இடங்களில் கேளுங்கள், போகும்போது வேரும் மண்ணும் சேர்ந்த ஒரு செடியைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போங்கள், பாலித்தீனில் போட்டால் அழுகிப்போய் எதுவும் தெரியாது.

மாடிக்குக் கீழே கூரையில் ஈரம்

முதலில் மாடி வடிகுழாய் வாயைப் பாருங்கள். இலையும் நார்த்தூளும் அடைத்துத் தண்ணீர் தேங்கினால் செடி இல்லாத வீட்டிலும் ஒழுகும். வாயில் வலை போட்டு, புரட்டாசியில் ஒரு தடவை முழுக்கக் கழுவிவிடுங்கள். பை நின்ற இடத்தில் வட்டமாக ஈரம் காயாமல் இருந்தால் பைகளையெல்லாம் ஸ்டாண்டு மேல் ஏற்றி அடியில் காற்று போக விடுங்கள். தரை ஓட்டு இடுக்கில் வேர் இறங்கியிருந்தால் இழுக்காதீர்கள், அதோடு பூச்சும் வரும். அறுத்துவிட்டுக் காய விடுங்கள். அரச மரம், ஆலங்கன்று சுவரில் முளைத்திருந்தால் கட்டைவிரல் கனம் ஆவதற்குள் எடுத்தாக வேண்டும்.

எடையையும் கணக்குப் போடுங்கள். 12 அங்குலப் பை ஒன்றில் ஏறக்குறைய 20 லிட்டர் மண், மழையில் ஊறினால் 20 முதல் 25 கிலோ. அறுபது பை என்றால் 1.2 முதல் 1.5 டன். நடுவில் குவிக்காமல் சுவரும் உத்திரமும் உள்ள ஓரங்களில் வரிசையாக வையுங்கள். கூரையில் விரிசல், காரை பெயர்ந்து கம்பி தெரிவது, துருக்கறை, இந்த மூன்றில் எது தெரிந்தாலும் பைகளை அன்றே கீழே இறக்கிவிட்டுக் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மேலே பெயின்ட் மாதிரி ஏதாவது பூசிவிட்டுச் செடியைத் திரும்ப வைப்பது கூடாது.

மரம் சாய்கிற மாதிரி இருக்கிறது

இதை ஆவணி, புரட்டாசியிலேயே பாருங்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையிலும் எங்கள் பகுதியில் விழுந்த மரங்களில் பலவற்றுக்கு வேர்ப்பக்கம் சிமென்ட் போட்டு இறுக்கி மூடியிருந்தது. அடிமரத்தைச் சுற்றி மூன்றடியாவது மண் தெரியட்டும். தலை கனத்த முருங்கையை மூன்று நாலு அடியில் கழித்துவிடுங்கள், தையில் துளிர்க்கும். சின்ன மரத்துக்கு மூன்று பக்கம் முட்டுக்கொடுத்து, தண்டில் சாக்குத் துணி சுற்றிக் கட்டுங்கள், வெறும் கயிறு பட்டையை அறுக்கும்.

அடியில் மண் வெடித்து ஒரு பக்கம் மேடு எழும்பியிருந்தால், அடிமரத்தில் காளான் முளைத்திருந்தால், கைக்கு எட்டாத உயரத்தில் பெரிய கிளை வெடித்திருந்தால், அரிவாளை எடுக்காதீர்கள், மரம் வெட்டத் தெரிந்த ஆள், கயிறு, இரண்டு உதவியாளர் வேண்டும். தெருவோரத்து மரம் என்றால் அது உங்களுடையது இல்லை, மாநகராட்சி அல்லது ஊராட்சியில் சொல்லி அவர்கள் வந்துதான் வெட்ட வேண்டும். கிளை மின்கம்பியைத் தொட்டிருந்தால் மரத்தையே தொடாதீர்கள், ஈரமான கிளையில் மின்சாரம் இறங்கி வரும். மின்வாரியத்துக்குச் சொல்லி, அவர்கள் வந்து இணைப்பை நிறுத்தும் வரை கேட்டைப் பூட்டி, யாரையும் அந்தப் பக்கம் போக விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.